சாந்திவனத்தில் சில நாள்: முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

குளித்தலையை ஒட்டிய தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்புக்குள் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். எல்லோருக்கும் தெரிந்த பெயர் சாந்திவனம். கத்தோலிக்கத் துறவிகளின் மடம் இது. காவி கட்டியிருப்பார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வழிபாட்டில் கற்பூர ஆரத்தி எடுப்பார்கள். ஆண், பெண், எந்த மதம் என்ற கணக்கெல்லாம் இல்லை. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் சில நாள் தங்கலாம்.

முதல்முறை போகிறவர்கள் கேட்பதெல்லாம் வழிபாட்டைப் பற்றித்தான். எப்போது எழுந்து நிற்பது, எப்போது கைகூப்புவது, தெரியாமல் ஏதாவது செய்துவிட்டால் என்ன ஆகும். அதெல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் அரை நாளில் பிடிபட்டுவிடும். உண்மையான சிரமம் ஒரு வழிபாட்டுக்கும் அடுத்த வழிபாட்டுக்கும் நடுவே கிடக்கிற நேரத்தில்தான். அதைச் சமாளிக்கத் துறவிகள் கண்டுபிடித்து வைத்திருப்பது சின்னச் சின்ன வேலைகளை. விருந்தாளிக்கும் அதே மருந்துதான். அதனால் இங்கே ஆன்மிகத்தைவிடக் காய்கறி பற்றி அதிகம் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்கதை

இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே பாதிக் கேள்விகள் எழாது. லியோன் நகரத்துப் பாதிரியார் ஜூல் மோன்ஷானின் 1939இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் பங்குச் சாமியாராக வேலை செய்தவர். பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து ஆன்றி லெ சோ என்ற துறவி 1948இல் வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். அடுத்த வருடத் தொடக்கத்தில் திருவண்ணாமலை போய் ரமணரைத் தரிசித்த லெ சோவுக்கு, அந்த அனுபவம் கடைசிவரை விட்டுப் போகவில்லை. இருவருமாக 1950 மார்ச் 21 அன்று இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். லெ சோ எடுத்துக்கொண்ட துறவுப் பெயர்தான் அபிஷிக்தானந்தா. மோன்ஷானின் 1957இல் காலமானார். அபிஷிக்தானந்தா இமயமலைப் பக்கம் போய்விட, 1968இல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்து பொறுப்பேற்றவர் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இங்கே வரத் தொடங்கியது அவர் காலத்தில். 1993இல் இறந்த அவருடைய சமாதி கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1980களின் தொடக்கத்திலிருந்து இந்த மடம் இத்தாலியின் கமல்தோலி துறவிகளோடு இணைந்திருக்கிறது. அவர்கள் பின்பற்றுவது புனித பெனடிக்டின் ஒழுங்கை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்களே, அவர்தான். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த ஒழுங்கு 73 சிறு அத்தியாயங்கள் கொண்டது. துண்டு துவைப்பதிலிருந்து அபிப்பிராய பேதம் வரைக்கும் எல்லாம் அதில் உண்டு. மடத்தில் ஏதாவது ஒரு பழக்கம் விநோதமாகத் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் அந்தப் புத்தகத்தில் இருக்கும்.

எழுதிக் கேளுங்கள், பதில் வந்த பிறகு கிளம்புங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டு விருந்தினர் நிறைய வருவார்கள், இடம் கிடைப்பது கஷ்டம். என்று வருகிறீர்கள், எத்தனை நாள், எத்தனை பேர், உடம்புக்கு ஏதாவது இருந்தால் அது, இவ்வளவு எழுதினால் போதும். வாழ்க்கைக் கதை வேண்டாம். முதல் தடவைக்கு மூன்று நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் புதுமையில் ஓடிவிடும், இரண்டாம் நாள் சலிப்பு தட்டும், அதற்கு அப்புறம்தான் மடத்தின் நடை காலுக்குப் பழகும். ஒரே இரவு தங்கிவிட்டு வருகிறவர்கள் அந்தச் சலிப்பை மட்டும் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் கரூர்ப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு மாதம் கிடைத்தால் அதில் போங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார் நகல் (வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா இரண்டும்), டார்ச், கொசுவத்தி அல்லது கொசு மருந்து, சோப்பு, துண்டு, ஒரு சால்வை, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. செருப்பு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு நாளில் எத்தனை வாசலில் அதைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், லேஸ் கட்டின ஷூவோடு வருகிறவர்கள் பாவம். உடை பருத்தியில், தோளும் முழங்காலும் மூடியிருந்தால் சரி. வேட்டி, சேலை, சுடிதார் எதுவும் தோதுதான். நொறுக்குத் தீனி மூட்டை கட்டிக்கொண்டு போனால் எறும்பு வரும். அவ்வளவுதான் நடக்கும்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில் சுமார் 35 கிலோமீட்டர். எல்லா பஸ்ஸும் தண்ணீர்பள்ளியில் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ. ரயில் என்றால் திருச்சி–கரூர் பாதையில் குளித்தலை நிலையம். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருகிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு போனால் மடம் ஓய்கிற நேரத்தில் ஒருவர் உங்களுக்காக விழித்திருக்க வேண்டிவரும்.

போனதும்

அலுவலகத்தில் பெயர் எழுதி, அறை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். விருந்தினரைக் கிறிஸ்துவையே வரவேற்பது போல வரவேற்க வேண்டும் என்று பெனடிக்ட் 53ஆம் அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதே இடத்தில், மடத்தில் விருந்தினர் இல்லாத நாளே கிடையாது, அவர்கள் நேரங்கெட்ட நேரத்தில்தான் வருவார்கள், அதனால் அவர்களுக்கு அடுப்பைத் தனியாக வையுங்கள் என்றும் சேர்த்திருக்கிறார். மரியாதையும் அலுப்பும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் அந்தப் புத்தகத்தை நம்பத் தோன்றுகிறது.

அறை எளிமையாக இருக்கும். மூட்டையை வைத்துவிட்டு முதலில் நான்கு இடங்களைக் கண்டுபிடித்து வையுங்கள்: கோவில், சாப்பாட்டு அறை, குடிதண்ணீர், மணி. துறவிகளை ‘சாமி’ என்றோ ‘ஃபாதர்’ என்றோ கூப்பிடலாம். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். நாள் ஒழுங்கை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். மணி பார்க்க அது தேவைப்படாது. அந்த வேலையைக் கோவில் மணி செய்யும்.

மணி

மடத்தில் கட்டளை போடுவது மணிதான். சூரியன் எழும் முன் முதல் மணி. தியானம், காலை வழிபாடு, திருப்பலி (கத்தோலிக்கப் பூசை), காலைச் சாப்பாடு, வேலை, நண்பகல் வழிபாடு, சாப்பாடு, ஓய்வு, மாலைத் தியானம், இரவு வழிபாடு, சாப்பாடு, தூக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் மணி கேட்கும். கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எழுதிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை முடிக்கக்கூட நில்லாமல் போய்ப் பாருங்கள், ஒரு வாரம் தியான வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளாதது அதில் கிடைக்கும். இது என் அபிப்பிராயம்.

தாமதமாகிவிட்டால்? சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பின்னால் உட்காருங்கள். வெளியே நின்றுவிடாதீர்கள். விடியற்கால வழிபாட்டின் முதல் திருப்பாடலை (பைபிளில் உள்ள சங்கீதம்) மெதுவாக இழுத்துச் சொல்லச் சொல்கிறார் பெனடிக்ட், தூங்குமூஞ்சிகள் வந்து சேரட்டும் என்று. பிந்தி வருகிறவனையும் உள்ளே விடச் சொல்கிறார். வெளியே விட்டால் ஒன்று திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வான், இல்லை வாசலில் உட்கார்ந்து வம்பு பேசுவான் என்பது அவர் சொல்லும் காரணம்.

கோவிலில்

நுழைவாயிலில் கோபுரம், அதில் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைக் குறிக்கும் மூன்று முகச் சிற்பம். உள்ளே தரையில் உட்காரும் இடம், அதைத் தாண்டி இருண்ட கருவறை. நம்மூர்க் கோவிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு வழி சொல்லித் தர வேண்டியதில்லை. முட்டி வலிக்காரர்கள் தயங்காமல் நாற்காலி கேளுங்கள்.

திருப்பாடல்களும் பைபிள் வாசகமும் இருக்கும். அவற்றோடு உபநிடதம், கீதை, தமிழ்ப் பக்திப் பாடல்கள், பிற சமய நூல்கள் ஆகியவற்றிலிருந்தும் வாசிப்பார்கள். தாளத்தோடு பஜனையும் உண்டு. தெரிந்த வரியை மெல்லச் சேர்ந்து பாடுங்கள். நல்ல குரல் இருக்கிறவர்கள் மற்றவர்களின் வேகத்துக்கு இறங்கி வருவது முக்கியம். கூட்டாகப் பாடும் இடத்தில் தனிக்குரல் இடறும்.

காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. வழிபாட்டின்போது இவை வரும், எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ளலாம். தமிழ்க் கத்தோலிக்கர் சிலருக்கு இங்கேதான் நெருடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு மாலைத் திருநீறு அவ்வளவு அந்நியம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லையா, கைகூப்பிவிட்டு விட்டுவிடுங்கள். கட்டாயம் எதுவும் இல்லை. இந்த அடையாளங்களைக் கிறிஸ்தவர்கள் எடுத்தாள்வது தவறு என்று இந்துக்கள் தரப்பிலிருந்தும், இது கத்தோலிக்கமே இல்லை என்று கத்தோலிக்கர் தரப்பிலிருந்தும் பல வருடமாக விமர்சனம் இருக்கிறது. விவாதம் நியாயமானதுதான். டீ நேரத்தில் ஒரு சாமியிடம் மரியாதையாகக் கேட்கலாம், கோவிலுக்குள் வேண்டாம்.

திருப்பலியில் எல்லோரும் உட்காரலாம். நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்குவது திருச்சபை முறைப்படி கத்தோலிக்கருக்கு. மற்றவர்கள் அந்த நேரம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

சாப்பாடு

சைவம்தான். தரையில் வரிசையாக உட்கார்ந்து, கையால் சாப்பிடுவது. பேச்சு கிடையாது. ஒருவர் ஏதாவது ஒரு நூலிலிருந்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். சாப்பாட்டு நேர வாசிப்பு பெனடிக்ட் மடங்களின் ஆதிகாலப் பழக்கம். எதாவது வேண்டுமென்றால் வாயால் கேட்காமல் சைகையால் கேட்கச் சொல்கிறது ஒழுங்கு. பரிமாறுகிறவர் வரும்போது போதும் என்றால் இலைக்கு மேல் கை காட்டுவோமே, அதே சைகை இங்கே தட்டுக்கு மேல்.

நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மன்காரர் ரசம் சோற்றைக் கையில் எப்படி எடுப்பது என்று உங்களைத்தான் பார்ப்பார். அவசரப்படாமல் சாப்பிடுங்கள், பார்த்துக் கற்றுக்கொள்வார்.

வேண்டிய அளவுக்குக் கேட்டு வாங்கலாம், வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. தட்டை நீங்களே கழுவி, எடுத்த இடத்தில் வையுங்கள். பக்கத்தில் முடியாத பெரியவர் இருந்தால் அவருடையதையும் வாங்கிக் கழுவலாம்.

காய்கறி

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர் உட்கார்ந்து காய்கறி நறுக்குவது இங்கே வழக்கம். யாரும் வந்து கூப்பிடவில்லை என்று அறையிலேயே இருந்துவிடாதீர்கள். போய் உட்காருங்கள். என்னைக் கேட்டால் சாந்திவனத்தில் சேருவதற்கான வாசல் கோபுரத்தில் இல்லை, இந்தக் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எப்படி நறுக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பொரியலுக்கா, சாம்பாருக்கா, எந்த அளவு. உங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே நிலைநாட்ட வேண்டாம். முப்பது வருடம் சமைத்த அம்மாக்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், கோணல்மாணலாகப் பீன்ஸ் நறுக்கும் வெளிநாட்டுப் பையன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். கோணல் பீன்ஸும் வெந்துவிடும்.

இந்த நேரத்தில் பேசலாம், ஆனால் பேச்சு வேலையை நிறுத்தக் கூடாது. முடிந்ததும் கத்தியைக் கழுவி, பலகையைத் துடைத்து, தோலைப் பொறுக்கிக் கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டி, உட்கார்ந்த இடத்தைப் பெருக்கிவிட்டு எழுந்திருங்கள். மடத்துச் சாமான்களைப் பீடத்துப் புனிதப் பாத்திரங்களைப் போல நடத்த வேண்டும் என்பது 31ஆம் அத்தியாயம். களஞ்சியப் பொறுப்பாளருக்காக எழுதியது, விருந்தாளி கையில் இருக்கும் கத்திக்கும் பொருந்தும். சமையலறை முறைவேலை முடித்துப் போகிறவர் சனிக்கிழமை எல்லாத் துண்டுகளையும் துவைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு அத்தியாயம். 1,500 வருடத்துக்கு முன்னாலும் அழுக்குத் துண்டை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருந்திருக்கிறார்கள், வேறென்ன.

காய்கறி முடிந்த பிறகும் நேரம் இருந்தால் தோப்பில் விழுந்த மட்டையை ஒதுக்கலாம், வராந்தா பெருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உதவுகிறேன் என்று நாமாக ஒரு பெரிய வேலையைக் கையில் எடுத்தால், அதை மேற்பார்வை பார்க்க ஒருவர் வந்தாக வேண்டும். அதைவிடச் சும்மா இருப்பது உதவி.

வெறும் நேரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுங்கள். குற்றவுணர்ச்சி வேண்டாம். நண்பகலுக்குப் பிறகு துறவிகள் படுக்கையில் அமைதியாக ஓய்வெடுக்கட்டும், படிக்க விரும்புகிறவர் அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல் தனக்குள் படிக்கட்டும் என்று ஒழுங்கே சொல்கிறது. வராந்தாவில் நின்று சத்தமாகப் பேச வேண்டாத நேரம் இதுதான்.

எழுந்த பிறகு மாலைத் தியானம் வரைக்கும் நீளமாகக் கிடக்கும். இரண்டாம் நாள் இந்த நேரத்தில்தான் போன் இருக்கிற பை பக்கம் கை போகும். ஊருக்குத் திரும்பிவிடலாமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ, கேஸை மூடினோமா. எல்லாம் வரும், எல்லோருக்கும் வரும். வீட்டுக்கு ஒரு தடவை பேசியே ஆக வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு நேரம் வைத்துத் தோப்பு ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு அணைத்துவிடுங்கள். அப்புறம் துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள். நூலகம் உண்டு, ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, கொஞ்சமாகப் படியுங்கள். ஒரு பத்தியை மெல்ல வாசித்து, நிறுத்தி, மறுபடி வாசிக்கிற பழக்கம் இந்த மடங்களில் தினசரிக் கடமை. பத்துப் புத்தகத்தைப் புரட்டுவது வீட்டிலேயே முடியும்.

டீ நேரம்தான் பேசுவதற்கான நேரம். பக்கத்தில் இருப்பவர் எங்கிருந்து, ஏன் வந்தார் என்று கேட்கலாம். பதில் சுருக்கமாக வந்தால் தோண்ட வேண்டாம். மடத்துக்குத் துக்கத்தோடு வருகிறவர்களும் உண்டு.

ஆற்றுப் பக்கம் நடக்கலாம். இந்தப் பகுதியில் காவிரி அகலமாக விரிந்து கிடக்கும், தண்ணீர் இருந்தாலும் வெறும் மணலாக இருந்தாலும் உட்கார நல்ல இடம். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது, ஆகவே உள்ளூர்க்காரர் சொல்லாமல் இறங்காதீர்கள். சூரியன் சாயும் நேரத் தியானத்துக்கும் பலர் கரைக்கு வருவார்கள். தனியாக உட்கார்ந்திருக்கிறவரிடம் வணக்கம் சொல்லக்கூட நிற்காமல் கடந்து போவதே மரியாதை.

இரவு வழிபாடும் சாப்பாடும் முடிந்தால் பேச்சு நிற்கும். இரவு மௌனம் பெனடிக்ட் ஒழுங்கில் கண்டிப்பானது. விருந்தினருக்கு ஏதாவது அவசியம் என்றால் மட்டும் விதிவிலக்கு, அதுவும் தணிந்த குரலில். உடம்பு சரியில்லையென்றால் கூச்சப்படாமல் கதவைத் தட்டுங்கள், அதற்காகத்தான் அந்த விதிவிலக்கு. மற்றபடி கதவை மெல்லச் சாத்தி, வாளியை இழுக்காமல் தூக்கி வைத்து, சீக்கிரம் படுத்துவிடுங்கள். விடியற்கால மணி காத்திருக்காது.

கிளம்பும்போது

முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சமையலறைக் கணக்கு அதை வைத்துத்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறையை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள், அறையைப் பெருக்குங்கள், புத்தகத்தைத் திருப்பி வையுங்கள். காணிக்கை பற்றி அலுவலகத்தில் நேராகவே கேட்கலாம். ஓட்டல் வாடகையோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்காமல், வசதி உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள். முடியாதவர்கள் தங்கிய நாட்களுக்கும் அதுதான் ஈடுகட்டும்.

சிலருக்குக் கிளம்பும் நாளில் ‘இங்கேயே இருந்துவிடலாமா’ என்று தோன்றும். அதற்கும் ஒழுங்கில் இடம் இருக்கிறது. சேர வருகிறவனை லேசில் உள்ளே விடாதே, நாலைந்து நாள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கட்டும், அதற்கு அப்புறம் விருந்தினர் அறையில் சில நாள், பிறகுதான் துறவுக்கான பயிற்சியாகப் புகுமுக வாழ்க்கை என்கிறது 58ஆம் அத்தியாயம். வீட்டுக்குப் போய், ஒரு வருடம் கழித்து மறுபடி எழுதிக் கேளுங்கள். மாடு கன்றோடு இன்னும் கடினமான உழைப்பு வேண்டுமென்றால் வாகமண் மலையில் 1958இல் தொடங்கிய குரிசுமலை ஆசிரமம் இருக்கிறது. அங்கே வழிபாடு சிரியன் மரபு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அரை நாள் கையில் இருந்தால் குளித்தலையில் இறங்குங்கள். ‘காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்’ என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்: குளித்தலைக் கடம்பவனேசுவரர், அய்யர்மலை ரத்தினகிரீசுவரர், ஆற்றுக்கு அக்கரையில் ஈங்கோய்மலை. மூன்றையும் ஒரே நாளில் தரிசிப்பது, அதுவும் கார்த்திகை சோமவாரத்தில், விசேஷம். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆசிரமத்திலிருந்து கிளம்பினால் கடம்பரைப் பார்த்துவிட முடியும். அய்யர்மலைக்கு ஆயிரத்துக்கு மேல் படி, மத்தியான வெயிலில் ஏற வேண்டும், தண்ணீர்ப் பாட்டிலை ஆசிரமத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.